வட்டின் ஓரத்தில் விட்ட இடம்

பனையோலையில் நூல் எழுதியோர் ஏட்டை முழுவதும் நிரப்பிவிடுவதில்லை. கயிறு கோக்கும் துளையைச் சுற்றியும் இரு ஓரங்களிலும் வெற்றிடம் விடுவர். ஓலை சிதையுமாயின் முதலில் வெற்றிடமே சிதையட்டும் என்பது அவர்தம் கணக்கு. கணனிக்கு நெகிழ்வட்டைச் சமைத்தோரும் ஏறத்தாழ இக்கணக்கையே போட்டனர். அந்த வெற்றிடத்திலும் எழுதலாம் என்று துணிந்த ஒருவரைப் பற்றி இன்று பேசப் புகுகின்றேன். இலக்கிய நேரத்தில் இதற்கென்ன வேலை என்று கேட்பீர்கள். எழுத்தைக் காக்கும் கலம் எதுவாயினும் அது நமக்கு அயலன்று.

புதிய வட்டு கோடு கிழிக்காத கொப்பி போன்றது. கோடு கிழிக்கும் வேலையே 'ஃபோமற்' செய்தல். 1987இல் ஐ.பி.எம். நிறுவனம் தன் பி.எஸ்/2 கணனிகளிற் புகுத்திய மூன்றரை அங்குல வட்டில் பக்கத்துக்கு 80 தடங்கள். தடத்துக்கு 18 கூறுகள். கூறுக்கு 512 பைற். இரு பக்கமும் சேர 1440 கிலோபைற். ஆனால் கோடு கிழிக்காத வட்டின் கொள்ளளவோ 2 மெகாபைற். மிகுதி, கூறுகளின் அடையாளக் குறிகளிலும் அவற்றிடையே விட்ட இடைவெளிகளிலும் போயிற்று. வட்டியக்கிகள் யாவும் ஒரே வேகத்திற் சுழல்வதில்லை. ஒன்றில் எழுதியதை இன்னொன்றில் திருத்துகையில் அயற்கூறு அழிந்துவிடலாகாது என்பதற்கே இந்தத் தாராளம்.

எனினும் இந்த எல்லை இயற்கை வகுத்ததன்று. 1981இல் வந்த ஐ.பி.எம். கணனியில் தடத்துக்கு 8 கூறுகள். 1983இல் டொஸ் 2.0 வந்ததும் அவை 9 ஆயின. இருபக்க வட்டு 320இலிருந்து 360 கிலோபைற்றாக உயர்ந்தது. வட்டும் பழையதே, இயக்கியும் பழையதே.

நிறுவனம் செய்ததைத் தனியொருவராகத் தொடர்ந்தவர் ஜேர்மனியரான கிறிஸ்ரோஃப் ஹொக்ஸ்ரெற்றர். எண்பதுகளின் இறுதியில் அவர் எழுதிய 'எஃப்.டி.ஃபோமற்' கைக்குக் கை பிரதியாகப் பரவியது. இடைவெளியைச் சுருக்கித் தடத்துக்கு 21 கூறுகள். 80ஆம் தடத்துக்கு அப்பாலும் தலை சற்று நகரும் என்பதால் 82 தடங்கள். ஆக 1722 கிலோபைற். ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு மிகுதி!

என்னை வியக்கவைத்தது இன்னொன்று. வட்டு நிமிடத்துக்கு 300 முறை சுழல்வது. தலை அடுத்த தடத்துக்கு நகர்வதற்குள் அங்குள்ள முதற்கூறு கடந்துபோய்விடும். அது திரும்பிவர ஐந்திலொரு செக்கன் காத்திருக்க வேண்டும். ஹொக்ஸ்ரெற்றர் தடந்தோறும் தொடக்கத்தைச் சற்றுத் தள்ளி வைக்க வழி செய்தார். தலை வந்துசேரவும் முதற்கூறு எதிர்ப்படவும் சரியாயிருக்கும். விருந்தினர் படியேறும் வேளைக்கு இலைபோடத் தெரிந்த கைப்பக்குவம் அது.

இதற்கு விலையும் உண்டு. எல்லா இயக்கிகளும் 82ஆம் தடத்தை எட்டவில்லை. அயல்வீட்டுக் கணனி பெரும்பாலும் இவ்வட்டை வாசிக்க மறுக்கும், 'எஃப்.டி.ரீட்' என்னும் துணை நிரலை அங்கும் ஏற்ற வேண்டும். ஓலை கைக்கு வந்தும் எழுத்துக் கூட்டத் தெரியாதவர் நிலைதான். ஆகையால் ஒரே பிரதியாக உள்ள ஆவணத்தை இதில் வைப்பது அறிவுடைமை ஆகாது என்பேன்.

ஆயினும் 1995இல் விண்டோஸ் 95ஐ நெகிழ்வட்டுகளில் விற்ற மைக்ரோசொஃப்ற் நிறுவனமும் தடத்துக்கு 21 கூறுகளே எழுதியது. 80 தடங்களோடு நின்று 1680 கிலோபைற் கண்டது.

ஏடெழுதியோர் இறுதியிலே தம் பெயரைப் பொறிப்பதுண்டு. எஃப்.டி.ஃபோமற்றின் 1.8ஆம் பதிப்போ வட்டின் முதற்கூற்றிலே 'சி.எச்.' எனத் தொடங்கும் எட்டெழுத்துக் குறியொன்றை இட்டது. கிறிஸ்ரோஃப் ஹொக்ஸ்ரெற்றர் என்னும் பெயரின் முதலெழுத்துகளும் அவையே.