உரிமையும் உரிமமும்: தற்காப்புக்கான துப்பாக்கி குறித்த சட்டங்களின் வரலாறு (1801–1959)

முன்னுரை

வீட்டையும் உயிரையும் காத்துக்கொள்ளத் துப்பாக்கி வைத்திருப்பது இந்தியாவில் அரசு வழங்கும் உரிமத்தைச் சார்ந்தது. தாக்குவோரை எதிர்த்துத் தன்னைக் காத்துக்கொள்வதோ சட்டம் ஏற்றுக்கொண்ட உரிமை. தற்காப்பு உரிமையாகவும், அதற்குரிய கருவி உரிமத்துக்கு உட்பட்டதாகவும் ஒரே சட்ட முறைமைக்குள் பிரிந்து நிற்பதற்குக் காரணம் என்ன? படைக்கலச் சட்டத்தின் வரலாற்றை 1857 கிளர்ச்சியிலிருந்து தொடங்குவது வழக்கம். தமிழகத்தைப் பொறுத்தவரை அதனை அரை நூற்றாண்டு முன்னரே தொடங்க வேண்டும். இங்குத் துப்பாக்கி பற்றிய கேள்வி, ‘காவல் யாருடையது’ என்னும் கேள்வியின் ஒரு பகுதியாகவே எழுந்தது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது.

காவல் முறையும் 1801 அறிக்கையும்

சோழர் காலக் கல்வெட்டுகளில் ‘பாடிகாவல்’ ஒரு வரியின் பெயராக இடம்பெறுகிறது. ஊர்ப் பாதுகாப்புக்கு ஊரார் பொருள் செலுத்தும் வழக்கம் தொன்மையானது என்பதற்கு இது சான்றாகும். பிற்காலத்தில் தென் மாவட்டங்களில் இம்முறை தலக்காவல், தேசகாவல் என இரு நிலைகளில் இயங்கியது. முன்னது ஓர் ஊருக்குரியது; பின்னது பல ஊர்களை உள்ளடக்கிய பரப்புக்குரியது. தேசகாவல் பெரும்பாலும் பாளையக்காரர் வசம் இருந்தது. காவல்காரர் விளைச்சலில் பங்காகவோ பணமாகவோ ஊதியம் பெற்றனர். களவுபோன பொருளை அவர்கள் மீட்டுத்தர வேண்டும். இயலாதபோது அதற்கு ஈடு தர வேண்டும்.

இம்முறை மிரட்டிப் பணம் பறிக்கும் வழியாக மாறியிருந்தது எனக் கும்பினி அதிகாரிகள் எழுதினர். அவர்கள் அதனை ஒழிக்க விரும்பியவர்கள் என்பதைக் கருத்திற்கொண்டே அக்கூற்றை மதிப்பிட வேண்டும். எவ்வாறாயினும், ஒரு குடும்பத்தின் பாதுகாப்பு அவ்வீட்டில் இருந்த ஆயுதத்தைவிட, ஊரோடு உடன்பாடு கொண்டிருந்த ஆயுதக் குழுவையே மிகுதியும் சார்ந்திருந்தது.

1799, 1801 ஆண்டுகளின் பாளையக்காரர் போர்கள் இவ்வமைப்பின் அடித்தளத்தைத் தகர்த்தன. மருது சகோதரர்கள் தூக்கிலிடப்பட்ட சில வாரங்களில், 1801 டிசம்பர் 1 அன்று, சென்னை ஆளுநர் எட்வர்டு கிளைவ் வெளியிட்ட அறிக்கை தென் பாளையங்களின் படைக்கலங்களை ஒப்படைக்க ஆணையிட்டது. பாளையக்காரரின் படை அதிகாரத்தையும் நீக்கியது. கோட்டைகள் இடிக்கப்பட்டன. அரசியல் எதிர்ப்பை ஒடுக்குவதே இதன் முதன்மை நோக்கம். ஆயினும் பாளையத்தின் படையும் காவலும் ஒரே ஆட்களைக் கொண்டிருந்தமையால், படைக்கலப் பறிப்பு காவலின் அடித்தளத்தையும் அசைத்தது.

அவ்விடத்தை அரசு உடனடியாக நிரப்பவில்லை. 1816ஆம் ஆண்டின் 11ஆம் ஒழுங்குமுறைச் சட்டம் ஊர்த் தலைவரையும் தலையாரியையும் காவல் பணிக்குப் பொறுப்பாக்கியது. சீரான மாவட்டக் காவல்துறை 1859ஆம் ஆண்டின் 24ஆம் சட்டத்தாலேயே உருவாயிற்று. அதன் பின்னரும் பழைய காவல் மறைமுகமாகத் தொடர்ந்தது. 1896இல் திண்டுக்கல் வட்டாரத்து உழவர் அதற்கு எதிராக எழுந்தபோது, பொது நிதி திரட்டி, மாடு களவு கொடுத்தவர்களுக்கு ஈடு வழங்கினர் என மதுரை மாவட்ட விவரச்சுவடி (1906) தெரிவிக்கிறது. காவல்காரரை விலக்கியவர்களும் பாதுகாப்பைக் கூட்டுப் பொறுப்பாகவே கருதினர் என்பது இங்குக் கவனத்திற்குரியது.

1860: ஓராண்டில் இரு சட்டங்கள்

இந்தியத் தண்டனைச் சட்டம் 1860இல் இயற்றப்பட்டது. அதன் 96 முதல் 106 வரையிலான பிரிவுகள் உடலையும் உடைமையையும் காக்கும் தற்காப்பு உரிமையை வரையறுத்தன. கொள்ளை, இரவில் வீடு புகுதல் போன்ற நிலைகளில், வரம்புகளுக்கு உட்பட்டு, தாக்குவோருக்கு மரணம் விளைவிக்கும் அளவுக்கும் அவ்வுரிமை நீண்டது. இச்சட்டத்தின் 1837ஆம் ஆண்டு வரைவை உருவாக்கிய மெக்காலே தலைமையிலான ஆணையம், மக்களிடம் எதிர்த்து நிற்கும் துணிவை வளர்ப்பது தன் நோக்கங்களுள் ஒன்று என விளக்கியிருந்தது.

அதே 1860இல் 31ஆம் சட்டமாகப் படைக்கலச் சட்டமும் இயற்றப்பட்டது. படைக்கல உற்பத்தி, இறக்குமதி, விற்பனை ஆகியவற்றைக் கட்டுப்படுத்திய அது, குறித்த பகுதிகளின் மக்களிடமிருந்து ஆயுதங்களைப் பறிக்கும் அதிகாரத்தையும் அரசுக்கு அளித்தது. லிட்டன் காலத்தில் வந்த 1878ஆம் ஆண்டின் 11ஆம் சட்டம் துப்பாக்கி வைத்திருப்பதற்கே உரிமத்தைக் கட்டாயமாக்கியது. ஐரோப்பியர் உள்ளிட்ட சில பிரிவினருக்கு மட்டும் விலக்கு அளிக்கப்பட்டது. துணிவை வளர்க்க விரும்பிய சட்டமும் கருவியை விலக்கிய சட்டமும் ஒரே ஆட்சியின் இரு தேவைகளிலிருந்து பிறந்தவை. கொள்ளையனை எதிர்க்கும் குடி அரசுக்கு வேண்டியிருந்தது. அரசை எதிர்க்கக்கூடிய குடி வேண்டியதாக இல்லை.

குடகு இதனைத் தெளிவாக்கும் ஒப்பீடு. 1861 பிப்ரவரியில் ஆணையர் மார்க் கப்பன் குடகரை ஆயுதப் பறிப்பிலிருந்து விலக்கினார். அவர்களது வீரமும், ஆங்கில அரசுக்கு அவர்கள் ஆற்றிய துணையுமே அதற்குக் கூறப்பட்ட காரணங்கள். இன்றும் அங்கே ‘கைல்போள்து’ விழாவில் துப்பாக்கிக்கு வழிபாடு நடக்கிறது. 1801இல் எதிர்த்து நின்ற தென் பாளையங்கள் இழந்ததை, துணைநின்ற குடகு தக்கவைத்துக்கொண்டது. ஒரு வீட்டில் துப்பாக்கி இருக்கலாமா என்பதை அவ்வீட்டின் ஆபத்தைவிட, அரசு அச்சமூகத்தின்மீது கொண்ட நம்பிக்கையே முடிவுசெய்தது.

தேசிய இயக்கத்தின் நிலைப்பாடு

1887 டிசம்பரில் பத்ருதீன் தியாப்ஜி தலைமையில் சென்னையில் கூடிய மூன்றாம் காங்கிரசு மாநாடு படைக்கலச் சட்டத்தைத் திருத்தக் கோரித் தீர்மானம் நிறைவேற்றியது. சட்டம் விளைவிக்கும் இடர்ப்பாடுகளை அது குறிப்பிட்டது. மக்களின் விசுவாசத்தின்மீது சுமத்தப்பட்ட களங்கத்தையும் அதனோடு சேர்த்தே கண்டித்தது. 1918இல் கேடா மாவட்டத்தில் படைக்கு ஆள் திரட்டிய காந்தியடிகள், இச்சட்டம் நீங்க வேண்டுமாயின் மக்கள் ஆயுதப் பயிற்சி பெற வேண்டும் என்றும், படையில் சேர்வதே அதற்கு வழி என்றும் வாதிட்டார். இவ்விரு நிலைகளிலும் மேலோங்கி நின்றது நாட்டின் தன்மானம். இரவில் தனித்திருக்கும் ஒரு குடும்பத்தின் அச்சம் வாதத்தின் மையத்துக்கு வரவில்லை.

1931 கராச்சி மாநாட்டிலிருந்து உருவான அடிப்படை உரிமைப் பட்டியலில், ஒழுங்குமுறைகளுக்கு உட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமை இடம்பெற்றது. அதனை அரசமைப்பில் சேர்க்கக் கோரி, 1948 டிசம்பரில் அரசமைப்பு அவையில் எச். வி. காமத் திருத்தம் கொணர்ந்தார். அம்பேத்கர் அதனை ஏற்கவில்லை. யாரும் தடையின்றி ஆயுதம் வாங்கலாம் என்றால் ஆட்சி நடத்த இயலாது. நெருக்கடியில் நாட்டைக் காக்க ஆயுதம் ஏந்தும் கடமையே வலியுறுத்தத் தக்கது என்பன அவர் மறுமொழியின் சாரம். திருத்தம் தோற்றது. மானக்கேடு என்ற வாதம் விடுதலையோடு வலுவிழந்திருந்தது. வீட்டுப் பாதுகாப்பு என்ற வாதமோ போதிய அளவு வளர்க்கப்பட்டிருக்கவில்லை.

1959ஆம் ஆண்டின் படைக்கலச் சட்டம் உரிம முறையைத் தொடர்ந்தது. எனினும் அதன் 13ஆம் பிரிவு, பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ 20 அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட வழுவழுப்புக் குழல் துப்பாக்கிக்கும், பயிர்ப் பாதுகாப்புக்கு வாய்வழி மருந்திடும் துப்பாக்கிக்கும் குடிமக்கள் உரிமம் பெற வழிசெய்தது. காலனியச் சட்டத்தின் கட்டமைப்புக்குள் உழவரின், வீட்டாரின் தேவைக்கு ஓரிடம் இவ்வாறு ஒதுக்கப்பட்டது.

முடிவுரை

ஊரின் ஆயுதம் 1801இல் பறிக்கப்பட்டது. அது தனிமனிதர் உரிமையாக மீண்டு வரவில்லை. முன்பு ஊர் உடன்பாட்டைக் குறித்த ‘காவல்’ என்னும் சொல் இன்று அரசின் ஒரு துறைக்குப் பெயராகியிருப்பதில் இம்மாற்றத்தின் சுவடு உள்ளது. ஆகவே தற்காப்புக்கான துப்பாக்கி குறித்த விவாதத்தைத் தனிமனிதர், அரசு என்னும் இரு தரப்புகளுக்குள் மட்டும் அடக்குவது தமிழக வரலாற்றுக்குப் பொருந்தாது. மூன்றாம் தரப்பாகிய ஊர் எவ்வாறு விலக்கப்பட்டது என்பதையும் ஆராய வேண்டும். தலையாரி முறை, பயிர்ப் பாதுகாப்புக்கான உரிமங்கள் ஆகியன குறித்த மாவட்ட ஆவணங்கள் அவ்வாய்வுக்குரிய களங்களாகும்.