சுரங்க அணை: மழைத் தண்ணீருக்கு வழி இருக்கிறதா?

சிரம்பான் வட்டாரம் முன்பு சுங்கை ஊஜோங் என்ற பெயரில் ஈயத்துக்குப் பேர் போனது. அங்கே தோண்டிய ஈயம் 19ஆம் நூற்றாண்டில் லிங்கி ஆற்று வழியாகக் கடலுக்குப் போனது. அதே ஆற்றுப் படுகையில்தான் பெடாஸும் இருக்கிறது. ஈயம் எடுத்த காலம் போனாலும், பழைய ஈயக் குட்டைகள் நாட்டில் பல இடங்களில் உண்டு. அவற்றின் கரை எப்படி நிற்கிறது, ஏன் உடைகிறது என்பதைத் தெரிந்து கொள்வது நல்லது.

எதற்கு அணை?

சுரங்கத்தில் கனிமத்தைக் கழுவிப் பிரித்த பிறகு சேறும் மணலும் கலந்த நீர் மிஞ்சும். அதை ஆற்றில் விடக்கூடாது என்பதால் அணை கட்டித் தேக்குகிறார்கள். சேறு அடியில் படியும். தெளிந்த நீர் மேலே நிற்கும். அந்த நீர் வெளியேற இரண்டு வழிகள் வேண்டும். நம் முன்னோர் ஏரிகளில் அமைத்த தூம்பும் கலிங்கும் அவைதான்.

தூம்பு: அன்றாட வழி

தெளிந்த நீரை வெளியே கொண்டு போகும் குழாய் இது. இதன் ஆபத்து கண்ணுக்குத் தெரியாது. குழாயின் இணைப்பு விட்டுப்போனால், கசியும் நீர் சுற்றியுள்ள மண்ணைக் கொஞ்சம் கொஞ்சமாக அரித்து, கரைக்குள் பொந்து உண்டாக்கும். எனவே குழாயை இளகிய சேற்றின் மேல் பதிக்கக்கூடாது. கெட்டியான அடித்தளம் வேண்டும். குழாயைச் சுற்றி மணல் வடிகட்டி அமைத்தால் நீர் கசிந்தாலும் மண் நகராது. கரையைத் துளைக்காமல், மிதவைப் பம்பு வைத்து நீரைக் கரைக்கு மேலாக எடுப்பதும் உண்டு.

கலிங்கு: அடைமழைக்கான வழி

25 ஏக்கர், அதாவது ஏறக்குறைய 10 ஹெக்டர் நிலத்தில் 3 மணி நேரத்தில் 100 மில்லிமீட்டர் மழை பெய்தால், 10,000 கன மீட்டர் நீர் சேரும். 30 சென்டிமீட்டர் அகலக் குழாயில் நீர் விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் ஓடினாலும், அத்தனையும் வெளியேற 20 மணி நேரம் ஆகும். அதற்குள் நீர் கரைக்கு மேல் வழிந்தால், மண் கரை அரித்து உடையும்.

அதனால் கலிங்கைக் கரையின் உச்சியை விடத் தாழ்வாக, ஓரத்தில் உள்ள கெட்டியான இயற்கை மண்ணிலோ பாறையிலோ வெட்டி, கல் அல்லது கான்கிரீட் பாவுகிறார்கள். உடைந்தால் பேரழிவு என்று கருதப்படும் அணைகள், 10,000 ஆண்டுக்கு ஒருமுறை வரக்கூடிய வெள்ளத்தையும் தாங்க வேண்டும் என்கிறது 2020ல் வந்த உலகச் சுரங்கக் கழிவு அணைத் தரநிலை.

உடைந்த அணைகள்

1985 ஜூலை 19ஆம் தேதி இத்தாலியின் ஸ்தாவா பள்ளத்தாக்கில், ஒன்றன் மேல் ஒன்றாக இருந்த இரண்டு சுரங்கக் கழிவுத் தேக்கங்கள் உடைந்து 268 பேர் மாண்டனர். அங்கே நீர் வெளியேற்றும் குழாய்கள் படிந்த சேற்றின் ஊடாகப் போயின. அவற்றில் முன்பே கோளாறு தெரிந்திருந்தது.

1994 பிப்ரவரி 22ஆம் தேதி தென்னாப்பிரிக்காவின் மெரிஸ்புருட்டில் அரை மணி நேரத்தில் ஏறக்குறைய 50 மில்லிமீட்டர் மழை பெய்தது. நீர் கரைக்கு மேல் வழிய, தங்கச் சுரங்கக் கழிவு குடியிருப்புக்குள் பாய்ந்தது. 17 பேர் இறந்தனர்.

நம் நாட்டிலும் ஈய வட்டாரமான கோலகுபுவில், 1883 அக்டோபர் 29ஆம் தேதி பழைய மண் அணை உடைந்து ஊரை அழித்தது.

நாம் கவனிக்க வேண்டியவை

சுரங்கம் மூடினால் பம்பு நின்றுவிடும், காவலாளும் போய்விடுவார். அதன்பின் யார் உதவியும் இல்லாமல் வேலை செய்வது திறந்த கலிங்கு மட்டுமே. மீன் போய்விடும் என்று அதில் பலகை வைத்து அடைப்பது, கரையையே பலவீனமாக்குவதற்குச் சமம். மரக்கிளை, குப்பை அடைத்தாலும் அதே கதிதான்.

கரையில் புது வெடிப்பு, குழாய் போகும் பாதையில் திடீர்க் குழி, அடிவாரத்தில் கலங்கிய கசிவு ஆகியவை அபாய அறிகுறிகள். கசிவு தெளிவாக இருந்தாலும் சொல்லி வையுங்கள். கலங்கி வந்தால் கரையின் மண் வெளியேறுகிறது என்று பொருள். கரைக்குக் கீழே நிற்காமல் மேட்டுக்குப் போய் 999க்கு அழையுங்கள். அவசரமில்லாத புகாரை மாவட்ட அலுவலகத்திலோ வடிகால் நீர்ப்பாசன இலாகாவிலோ எழுத்தில் கொடுத்து, ஒரு நகலைக் கையில் வைத்துக் கொள்ளுங்கள்.