தொழிலுக்கா வரி, வருவாய்க்கா?

மாசிமகத்தன்று சுற்றுவட்டாரத் தெய்வங்கள் பலவும் புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரைக்கு நீராட எழுந்தருளும். அந்த நாளைப் பஞ்சாங்கம் பாராமலே சொல்லிவிடுவர் நம் சிறுவணிகர். சென்ற ஆண்டின் வரவு என்ன, மிச்சம் என்ன என்று கேட்டாலோ விழிப்பர். புதுக்கணக்கு ஏட்டின் முதற்பக்கத்தில் பிள்ளையார் சுழி இருக்கும், மஞ்சள் இருக்கும். அடுத்த பக்கங்கள் வெறுமை! வருமானவரிப் படிவம் என்றதும் நடுக்கம்!

அந்த அச்சத்திற்கு ஒரு வரலாறு உண்டு.

சோழர் காலக் கல்வெட்டுகளைக் காண்போம். தறி வைத்தவன் தறியிறை செலுத்தினான், செக்காட்டியவன் செக்கிறை, பொற்கொல்லன் தட்டாரப்பாட்டம், துணி வெளுத்தவன் வண்ணாரப்பாறை. பிரமதேயங்கள் பலவோ இறையிலி! 'என்ன ஈட்டினாய்?' என்பதல்ல கேள்வி. 'என்ன தொழில் செய்கிறாய்?' என்பதே. தொழில் பிறப்பால் வந்தது. வரியும் பிறப்போடு ஒட்டிக்கொண்டது. கும்பினி ஆட்சியிலும் மோதர்பா என்ற பெயரில் நெசவாளி, தச்சன், மீனவன், சிறுகடைக்காரன் ஆகியோர் மீது அவ்வகை வரி தொடர்ந்தது. 1860களின் தொடக்கத்தில்தான் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது.

1860இல் ஜேம்ஸ் வில்சன் வருமானவரியைக் கொணர்ந்தார். 1857 கிளர்ச்சியால் காலியான கருவூலத்தை நிரப்புவதே நோக்கம். எனினும் கேள்வி மாறியது: 'உன் வருவாய் எவ்வளவு?' 1886 சட்டம் இவ்வரியை நிலைப்படுத்தியது. ஆனால் வேளாண் வருவாய்க்கும் சமயத் தருமத்திற்கும் விலக்களித்தது. ஆண்டுக்கு 500 ரூபாய் ஈட்டிய வணிகன் வரி கட்டினான். நிலவரி செலுத்துகிறோம் என்று மிராசுதார் தப்பினார். மடத்திற்கோ அந்தச் சாக்கும் தேவைப்படவில்லை!

வைத்திக்குப்பம் அன்று பிரெஞ்சுக் கொடியின்கீழ் இருந்தது. உரிமச்சீட்டு பெற்ற எவரும் எத்தொழிலும் செய்யலாம் என 1791இல் முழங்கியது புரட்சிப் பிரான்சு. ஆனால், 1819 சனவரி 6ஆம் நாள் ஆணையால், புதுச்சேரி இந்தியரை அவரவர் சாதி வழக்கத்திற்கே விட்டதும் பிரான்சுதான்! 1954 நவம்பர் 1இல் ஆட்சி கைமாறியது. 1962 ஆகஸ்ட் 16இல் அது சட்டப்படி உறுதியாயிற்று. 1963 ஏப்ரல் 1 முதல் இந்திய வருமானவரிச் சட்டம் அங்கு நடைமுறைக்கு வந்தது.

அச்சட்டம் சிறுவணிகருக்கு எளிய வழியொன்றையும் பின்னாளில் திறந்தது. 2009ஆம் ஆண்டு நிதிச்சட்டப்படி, மொத்த விற்பனையில் 8 விழுக்காட்டை வருமானமாகக் காட்டினால், விரிவான கணக்கேடுகள் வேண்டியதில்லை. வங்கி வழி வந்த தொகைக்கு 6 விழுக்காடு போதும் என்றது 2017 திருத்தம். 2025இல் இயற்றப்பட்ட புதிய சட்டமும் இவ்வழியை அடைக்கவில்லை. கூடை சுமந்து ஆண்டில் 10 லட்ச ரூபாய்க்கு மீன் விற்ற பெண்ணுக்கு, 8 விழுக்காட்டுக் கணக்கில் வருமானம் 80,000 ரூபாய். வேறு வருவாய் இல்லையெனில் வரி ஒரு காசும் இல்லை. ஆனால் அவள் தாக்கல் செய்த படிவம் வங்கியில் கடன் கேட்கும்போது பேசும். கந்துவட்டிக்காரனின் வாசலில் நிற்காதபடி காக்கும்.

அந்தப் படிவத்தைக் கூர்ந்து பாருங்கள், தோழர்களே! பெயர் உண்டு, தொழில் உண்டு, தொகை உண்டு. சாதிக்குக் கட்டம் இல்லை. தறிக்கும் வலைக்கும் இறை இறுத்த நம் முன்னோருக்குக் கிட்டாத உரிமை இது: தன் வருவாயைத் தானே எழுதிக் கையொப்பமிடும் உரிமை! எழுதத் தெரிந்த இளைஞர் ஒவ்வொருவரும் ஒரு சிறுவணிகருக்கேனும் அன்றாட வரவுசெலவு எழுதக் கற்றுத்தருக. சுழி போட்ட ஏடு இலாபம் தராது; கணக்கு எழுதிய ஏடே காக்கும்.