மேகத்திற்கு மேலே ஒரு சொல்

வானத்திலும் சாலைகள் உண்டு என்பது தரையில் நிற்பவருக்குத் தெரிவதில்லை. அண்ணாந்து பார்க்கும்போது வெறும் வெளியாகத் தோன்றும் அப்பரப்பு, உயரத்தாலும் திசையாலும் நேரத்தாலும் பகுக்கப்பட்ட ஒரு நெரிசலான களம். அதன் குறுக்கே எந்திரமோ விளக்கோ இல்லாமல் ஒரு மனிதன் விழுகிறான் என்றால், அவன் விழப்போவதை யார் யாருக்குச் சொல்ல வேண்டும்? சொன்ன சொல் பிழையானால் அதற்குப் பொறுப்பு யாருடையது? பாரசூட் விளையாட்டின் வரலாற்றில் இக்கேள்விகள் மிகக் கொடிய முறையில் எழுந்த ஆண்டு 1967.

1797ஆம் ஆண்டு அக்டோபர் 22 அன்று, பாரிஸ் நகரின் மேலே பலூனில் ஏறிச் சென்ற ஆந்த்ரே ழாக் கார்னரின் துணிக்குடை ஒன்றின் துணையுடன் தரையிறங்கினார். அவருக்கு எதிரி காற்றும் புவியீர்ப்பும் மட்டுமே. வானத்தில் வேறு வழிப்போக்கர் எவருமில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை முற்றிலும் மாறியது. போரில் மிஞ்சிய பாரசூட்டுகளும் விமானங்களும் மலிவாகக் கிடைத்தன. போர்வீரனின் கடமையாக இருந்த குதித்தல் விடுமுறைநாள் விளையாட்டாயிற்று. அதே காலத்தில்தான் பயணிகள் விமானப் போக்குவரத்தும் பெருகியது. ஒரே வானத்திற்கு இரு தரப்பினர் உரிமை கோரலாயினர்.

அன்றைய விமானிகள் பெரும்பாலும் தம் கண்களையே நம்பினர். பிற விமானத்தைப் பார், விலகிச் செல் என்பதே விதி. 1956 ஜூன் 30 அன்று, அமெரிக்காவின் கிராண்ட் கேன்யனுக்கு மேலே இரண்டு பயணிகள் விமானங்கள் மோதி 128 பேர் மாண்டபோது அவ்விதியின் போதாமை வெளிப்பட்டது. 1958இல் புதிய விமானப் போக்குவரத்துச் சட்டம் வந்தது. ரேடார் வசதிகள் பெருகின. இருட்டறையில் திரைமுன் அமர்ந்திருக்கும் கட்டுப்பாட்டாளரின் குரல், விமானியின் கண்ணுக்குத் துணையாயிற்று. சில வேளைகளில் கண்ணின் இடத்தையே அது எடுத்துக்கொண்டது.

இந்தப் பின்னணியில்தான் 1967 ஆகஸ்ட் 27, ஞாயிற்றுக்கிழமையை நாம் அணுக வேண்டும். ஒஹாயோ மாநிலத்தின் வடபகுதி. நியூயார்க், சிகாகோ நகரங்களுக்கிடையே பறக்கும் விமானங்களின் வழியில் அமைந்த நிலம். அங்கே வேக்மன் என்ற சிற்றூருக்கு அருகிலுள்ள ஆர்ட்னர் விமானத்திடலில் இறங்குவதாகத் திட்டமிட்டு, பாரசூட் வீரர்கள் ஒரு பி-25 விமானத்தில் ஏறினர். 1942இல் டோக்கியோவின்மீது குண்டு வீசச் சென்ற அதே வகை விமானம். போர் ஓய்ந்தபின் விளையாட்டுக்கு வந்து சேர்ந்திருந்தது. குதிக்க வேண்டிய உயரம் 20,000 அடி. வழக்கமான உயரத்தைவிட மிக அதிகம் என்பதால் அந்த வாய்ப்பு பலருக்கும் அரிதாகப் பட்டிருக்கும்.

கீழே மேகம் மூடியிருந்தது. திடல் தெரியவில்லை, ஏரியும் தெரியவில்லை. விமானி தாம் இருக்கும் இடத்தைக் கட்டுப்பாட்டு மையத்திடம் கேட்டறிந்தார். திடலுக்கு அருகில் இருப்பதாக விடை வந்தது. 18 பேர் அடுத்தடுத்துக் குதித்தனர். மேகத்தைக் கடந்து வெளிவந்தபோது அவர்களுக்குக் கீழே இருந்தது நிலமன்று, ஈரி ஏரி. ஹ்யூரன் நகரக் கரையிலிருந்து 4, 5 கடல் மைல் உள்ளே, தரையில் இறங்குவதற்கான உடையும் காலணியும் பாரசூட் சுமையுமாக அவர்கள் நீரில் விழுந்தனர். 16 பேர் மூழ்கி இறந்தனர். உயிருடன் மீட்கப்பட்டோர் இருவரே.

நிகழ்ந்த பிழை மிகச் சிறியது. அதே வேளையில் அப்பகுதியில் செஸ்னா 180 வகைச் சிறு விமானம் ஒன்றும் பறந்துகொண்டிருந்தது. குதிப்பவர்களைப் படமெடுக்கப் புறப்பட்ட விமானம் அது. திரையில் தெரிந்த அதன் புள்ளியைக் கட்டுப்பாட்டாளர் பி-25 என்று கொண்டுவிட்டார். அவர் சொன்ன இடம் சரியானதே. ஆனால் அது வேறொரு விமானத்தின் இடம்.

நம் அளவை நூலார் அறிவு வரும் வழிகளைக் காட்சி, கருதல், உரை என்று மூன்றாக வகுப்பர். சிவஞான சித்தியார் சுபக்கம் தொடங்குவதே அளவை இயலில்தான். அந்தப் பகுப்பு இங்கே நமக்குப் பயன்படுகிறது. கட்டுப்பாட்டாளர் கண்டது ஒரு புள்ளி; அது காட்சி. அது இன்ன விமானம் என்று கொண்டது கருதல். வானொலி வழியே விமானிக்குச் சென்றது உரை. கருதலில் புகுந்த பிழை உரையாக மாறியபோது தன் அடையாளத்தை இழந்துவிட்டது. கேட்பவர் காதில் அது 'எனக்குத் தோன்றுகிறது' என்று விழவில்லை. 'இவ்விடம்' என்று விழுந்தது. விமானியின் சைகையாகக் குதிப்பவரை அடைந்தபோது ஐயத்தின் சாயல்கூட அதில் எஞ்சவில்லை. உரையைச் சோதிக்கக் காட்சி வேண்டும். அந்தக் காட்சியை மேகம் மறைத்திருந்தது.

பொறுப்பு யாருடையது என்பதில் அரசின் இரு அமைப்புகள் வெவ்வேறு விடை கண்டன. அவ்வாண்டுதான் செயல்படத் தொடங்கியிருந்த தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், தரை தெரியாத நிலையில் குதிக்கவிட்ட விமானியையும் குதித்தவர்களையும் குறை கூறியது. கட்டுப்பாட்டாளரின் பிழையையும் சுட்டியது. இறந்தோரின் குடும்பத்தார் தொடுத்த வழக்கிலோ, கட்டுப்பாட்டாளரின் தவற்றுக்கு அமெரிக்க அரசே பொறுப்பு என்று நீதிமன்றம் முடிவு செய்தது. மேல்முறையீட்டிலும், 1975இல், அம்முடிவு நிலைத்தது. இவ்விரு விடைகளையும் முரண்பாடு என்று நாம் தள்ள வேண்டியதில்லை. சோதியாமல் நம்பியது ஒரு குற்றம். நம்பத்தக்க இடத்திலிருந்து பிழையாகச் சொன்னது இன்னொரு குற்றம். ஒன்று மற்றொன்றைக் கழுவிவிடாது.

இன்றைய அமெரிக்க விதிகளை இந்த நோக்கில் படிக்கலாம். மேகத்தினுள்ளோ மேகத்தின் ஊடேயோ குதிக்கக் கூடாது. மேகத்திலிருந்து எவ்வளவு விலகியிருக்க வேண்டும் என்பதற்கும் அளவுண்டு. 10,000 அடிக்கு மேல் பக்கவாட்டில் ஒரு மைல், 5 மைல் தொலைவு தெளிவாகத் தெரிய வேண்டும். பெரிய விமான நிலையங்களைச் சூழ்ந்த வான்பகுதியில் முன் அனுமதி தேவை. குதிப்பதற்குக் குறைந்தது 5 நிமிடத்திற்கு முன்பே விமானி கட்டுப்பாட்டு மையத்துடன் வானொலித் தொடர்பு கொள்ள வேண்டும். அருகில் வரும் விமானங்களைப் பற்றிய தகவலைப் பெற வேண்டும். குதிக்கும் இடங்கள் வான்வரைபடத்தில் சிறு பாரசூட் குறியால் காட்டப்படுகின்றன. காட்சிக்கு ஒரு விதி, உரைக்கு ஒரு விதி. ஒன்று இருப்பதால் மற்றொன்று தேவையில்லை என்று எங்கும் சொல்லப்படவில்லை.

இரண்டும் ஏன் தேவை என்பது எளிய கணக்கில் விளங்கும். உடலைக் கிடையாக விரித்து விழும் மனிதன் மணிக்கு ஏறத்தாழ 190 கிலோமீட்டர் வேகத்தில், ஒரு கிலோமீட்டரை 20 விநாடிக்குள் கடக்கிறான். 10,000 அடிக்குக் கீழே விமானங்களின் வேக வரம்பு 250 நாட். அதாவது நிமிடத்திற்கு ஏழரை கிலோமீட்டருக்கு மேல். விமானங்கள் ஒன்றையொன்று உணர்ந்து எச்சரிக்கும் கருவிகள், மறுமொழி அனுப்பும் கருவி பூட்டிய எந்திரங்களை மட்டுமே அறியும். விழுகிற மனிதனிடம் அத்தகைய கருவி எதுவுமில்லை. அவன் அங்கே இருக்கிறான் என்பதற்கு முன்கூட்டிச் சொல்லப்பட்ட சொல்லைத் தவிர வேறு சான்றில்லை.

ஆயினும் அச்சொல் எல்லோரையும் எட்டுவதில்லை. நெரிசலற்ற வான்பகுதியில், கண்ணால் பார்த்துப் பறக்கும் சிறு விமானங்கள் கட்டுப்பாட்டு மையத்துடன் பேசியே ஆக வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 1993 நவம்பரில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் நார்தாம்ப்டனில், குதித்து விழுந்துகொண்டிருந்த ஒருவர் சிறு விமானம் ஒன்றின் வாற்பகுதியில் மோதினார். அவர் பாரசூட்டுடன் இறங்கி உயிர் பிழைத்தார். விமானத்திலிருந்த நால்வரும் இறந்தனர். குதிப்பவர் தம் உயிரை மட்டுமே பணயம் வைக்கிறார் என்ற எண்ணத்தை அந்நிகழ்ச்சி பொய்யாக்கிவிட்டது.

1956இல் கண் மட்டும் போதவில்லை. 1967இல் சொல் மட்டும் போதவில்லை. மேகத்தைப் பற்றிய விதியின் வாசகம் இருவரை நோக்கிப் பேசுகிறது: எவரும் குதிக்கக் கூடாது, எந்த விமானியும் குதிக்கவிடக் கூடாது. தரையிலிருக்கும் அறிவாளர் அனுமதித்தார் என்பது இருவருக்குமே விலக்காகாது. பிறர் கண்ணால் பார்த்து வாழும் காலம் இது. நாம் அறிந்தவற்றில் பெரும்பகுதி யாரோ நமக்குச் சொன்னவை. அவற்றையெல்லாம் ஐயுற்றுக்கொண்டிருந்தால் ஒரு நாளும் கழியாது. ஆனால் திரும்ப முடியாத ஓர் அடியை எடுத்து வைப்பதற்கு முன்பாவது, கீழே இருப்பது நிலம்தானா என்று நம் கண்ணால் பார்த்துக்கொள்ளும் கடமை நமக்கு உண்டு.