நேஷனல் லீக் ஃபார் நர்சிங்

நேஷனல் லீக் ஃபார் நர்சிங் என்பது அமெரிக்க ஐக்கிய நாடுகளில் செவிலியக் கல்வியின் தரத்தைப் பேணுவதற்காக இயங்கிவரும் தேசியத் தொழில்முறை அமைப்பாகும். 1893ஆம் ஆண்டில் வேறொரு பெயரில் தோன்றிய இது, அந்நாட்டுச் செவிலியர் அமைப்புகளுள் காலத்தால் முந்தியது. செவிலியரின் பணிநிலை, ஊதியம் முதலியவற்றில் கருத்துச் செலுத்தும் அமெரிக்கச் செவிலியர் சங்கம் வேறு. செவிலியரை உருவாக்கும் ஆசிரியர்களையும் கல்வி நிலையங்களையும் சார்ந்த இவ்வமைப்பு வேறு.

இவ்வமைப்பின் தோற்றத்திற்கு அன்றைய பயிற்சிப் பள்ளிகளின் நிலையே காரணமாகும். 1873ஆம் ஆண்டில் நியூயார்க்கு, நியூ ஹேவன், பாஸ்டன் ஆகிய நகரங்களில் இங்கிலாந்தில் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் வகுத்த பயிற்சி முறையைத் தழுவிய செவிலியர் பள்ளிகள் தொடங்கப்பட்டன. பள்ளி ஒன்றை நடத்தினால் வார்டுகளில் வேலை செய்யச் சிறு படித்தொகைக்கே ஆள் கிடைக்கும் என்பதை மருத்துவமனைகள் விரைவில் கண்டுகொண்டன; ஆகவே, கற்பிப்பதற்கு வசதியிருந்ததோ இல்லையோ, பள்ளிகள் பெருகின. மாணவியரைத் தனியார் வீடுகளுக்கு நோயாளியைப் பார்த்துக்கொள்ள அனுப்பி, அதற்குரிய கட்டணத்தை மருத்துவமனையே எடுத்துக்கொள்வதும் வழக்கமாயிற்று. அமெரிக்காவில் முறையாகப் பயிற்சி பெற்ற முதற் செவிலியரான லிண்டா ரிச்சர்ட்ஸ், 1872–73இல் தாம் பாஸ்டனில் பயின்ற நிலையைப் பிற்காலத்தில் எழுதிவைத்துள்ளார். விடியற்காலை ஐந்தரை மணிக்கு எழும் மாணவியர் இரவு ஒன்பது மணி வரை பணியில் இருந்தனர். பாடநூலும் இல்லை, தேர்வும் இல்லை. மருந்துப் புட்டிகளில் பெயருக்குப் பதிலாக எண்களே ஒட்டப்பட்டிருந்தன. தாம் கொடுக்கும் மருந்து இன்னதென்று செவிலியர் அறிந்துவிடலாகாது என்பதே அதன் நோக்கம். பின்னாளில் கல்விச் சீர்திருத்தத்தில் இவ்வாறு பயின்ற தலைமுறையினர் காட்டிய பிடிவாதத்தைப் புரிந்துகொள்ள அந்த எண்ணிட்ட புட்டிகளே போதும்.

1893இல் சிகாகோவில் நடந்த உலகக் கண்காட்சியையொட்டி அறப்பணிகள் குறித்த பன்னாட்டு மாநாடு ஒன்று கூடியது. அதன் செவிலியப் பிரிவுக்குத் தலைமை தாங்கிய இசபெல் ஹாம்ப்டன், ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனைப் பயிற்சிப் பள்ளியின் கண்காணிப்பாளர் ஆவார். கண்காணிப்பாளர் என்பவர் அக்காலத்தில் மருத்துவமனைச் செவிலியர்களின் தலைவியாகவும் பள்ளி முதல்வராகவும் ஒருசேர விளங்கியவர். பள்ளிக்குப் பள்ளி பயிற்சிக் காலமும் பாடமும் மாறுபடுவதால் ‘பயிற்சி பெற்ற செவிலியர்’ என்னும் சொல்லுக்கே பொருளில்லாமற் போயிற்று என்று அவர் வாதிட்டார். நைட்டிங்கேல் அம்மையார் எழுதியனுப்பிய கட்டுரையும் அம்மாநாட்டில் இடம்பெற்றது. அங்குக் கூடியிருந்த கண்காணிப்பாளர்கள் சேர்ந்து தொடங்கிய ‘செவிலியர் பயிற்சிப் பள்ளிக் கண்காணிப்பாளர்களின் அமெரிக்கச் சங்கம்’ என்பதே இன்றைய லீக்கின் முதல் வடிவமாகும்.

மறு ஆண்டு ஹாம்ப்டன் மணம்புரிந்து பதவியை விட்டு விலகினார். மணமானவர் அப்பதவியில் நீடிப்பது அக்கால வழக்கத்தில் இல்லை. அவருடைய மணமலர்ச்செண்டு நைட்டிங்கேல் அனுப்பியது என்பர். ஆயினும் சங்கப் பணியை அவர் கைவிடவில்லை. மூன்றாண்டுப் பயிற்சியும் நாளொன்றுக்கு எட்டு மணி நேரப் பணியும் வேண்டும் என 1895இல் சங்கத்தின் முன் அவர் வைத்த கோரிக்கையில், மருத்துவமனைகள் முதற்பாதியை மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டன. மூன்றாம் ஆண்டு மாணவி அவற்றுக்குக் கூடுதல் வேலையாள் அல்லவா! எட்டு மணி நேரம் பரவலாவதற்கோ பல பத்தாண்டுகள் பிடித்தன.

ஆசிரியர்க்குப் பயிற்சி இல்லாமல் பள்ளி சீர்படாது என்று கண்ட சங்கம், 1899இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆசிரியர் கல்லூரியில் ‘மருத்துவமனைப் பொருளியல்’ என்னும் பாடப்பிரிவைத் தொடங்கச் செய்தது. பெயர் பொருளியலாயினும், பள்ளியையும் வார்டையும் நிருவகிக்கவும் கற்பிக்கவும் பயிற்றுவிப்பதே இதன் நோக்கம். 1907இல் இங்குப் பொறுப்பேற்ற மேரி அடிலெய்டு நட்டிங், உலகின் முதற் செவிலியப் பேராசிரியர் ஆவார்.

1912இல் சங்கம் ‘தேசியச் செவிலியக் கல்விக் கழகம்’ எனப் பெயர் மாற்றம் பெற்றது. அது வெளியிட்ட மூன்று பாடத்திட்ட நூல்களின் தலைப்புகள் கவனிக்கத்தக்கவை. 1917இல் வந்தது ‘செந்தரப் பாடத்திட்டம்’. 1927இல் ‘செந்தரம்’ என்னும் அடைமொழி நீங்கி வெறும் ‘பாடத்திட்டம்’ ஆயிற்று. 1937இல் ‘பாடத்திட்ட வழிகாட்டி’ என்ற அளவில் நின்றது. கட்டாயப்படுத்தும் அதிகாரம் இல்லாத அமைப்பு, தன் குரலைத் தானே படிப்படியாகத் தணித்துக்கொண்டதை இவற்றிற் காணலாம்.

1952இல் இக்கழகமும், பொதுச் சுகாதாரச் செவிலிய அமைப்பும், செவிலியக் கல்லூரிகளின் சங்கமும் ஒன்றிணைந்து இப்போதைய பெயரைப் பெற்றன. செவிலியர் அல்லாதாரும் இதில் உறுப்பினராகலாம். கல்வி நிலையங்களை ஆராய்ந்து தரச்சான்று வழங்குவது இதன் தலையாய பணியாயிற்று. இந்தியாவில் 1947ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்தியச் செவிலியர் மன்றத்துக்கு அச்சட்டம் அளித்தது போன்ற அதிகாரம் லீக்குக்குக் கிடையாது. அமெரிக்காவில் பணி உரிமம் வழங்குவது அந்தந்த மாநில வாரியமே. 1965இல் செவிலியக் கல்வி முழுவதும் உயர்கல்வி நிலையங்களுக்கே உரியது எனவும் தொழில்முறைச் செவிலியர்க்குப் பட்டப்படிப்பு வேண்டும் எனவும் அமெரிக்கச் செவிலியர் சங்கம் அறிவித்தபோது, மருத்துவமனைப் பட்டயப் பள்ளிகளுக்கும் ஈராண்டுக் கல்லூரிகளுக்கும் சான்றளித்துவந்த லீக் தடுமாற்றத்துக்கு உள்ளாயிற்று. கொள்கையளவில் அறிவிப்பே சரியானது; ஆனால் ஈராண்டுப் படிப்பினரும் பட்டதாரிகளும் இன்றும் ஒரே உரிமத் தேர்வையே எழுதுகின்றனர்.

தரச்சான்றுப் பணி 1997இல் தனி ஆணையத்திடம் ஒப்படைக்கப்பட்டது. அது பிரிந்து சென்றபின் லீக் மற்றொரு தரச்சான்றுப் பிரிவைத் தொடங்கியது. ‘நர்சிங் எஜுகேஷன் பெர்ஸ்பெக்டிவ்ஸ்’ என்னும் ஆய்விதழை வெளியிடுவதோடு, செவிலிய ஆசிரியர்களுக்கான சான்றிதழ்த் தேர்வையும் நடத்துகிறது. நெடுங்காலம் நியூயார்க்கில் இருந்த இதன் தலைமையகம் தற்போது வாஷிங்டனில் உள்ளது.