குண்டா, சங்கிலி, செயற்கைக்கோள்

தெலங்கானாவில் நிலம் ஏக்கராலும் குண்டாவாலும் எண்ணப்படுகிறது. 40 குண்டா ஓர் ஏக்கர். தெலுங்கில் இச்சொல் பள்ளத்தையும் நில அளவையும் ஒருசேரக் குறிக்கும். தமிழில் ‘குழி’ என்ற சொல்லும் அவ்வாறே. ஒரு குண்டா என்பது பக்கத்துக்கு 33 அடி கொண்ட சதுரம், அதாவது ஏறத்தாழ 10 மீட்டர். எட்மண்ட் கன்டர் 1620இல் வடிவமைத்த 66 அடிச் சங்கிலியில் இது சரிபாதி. கையடக்க ஜி.பி.எஸ். கருவி வாங்க எண்ணுவோர் முதலில் மனத்தில் கொள்ள வேண்டிய எண் இதுவே.

துணைக்கண்டத்தின் பெரும் முக்கோண அளவை 1802இல் சென்னைப் பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் அளந்த அடிக்கோட்டில் தொடங்கிற்று. பின்னர் நிஜாமின் ஆட்சிப்பரப்பு வழியே வடக்கு நோக்கி நகர்ந்தது. அவரைத் தொடர்ந்த ஜார்ஜ் எவரெஸ்ட் 1830இல் கணித்த புவியுருவே இந்திய வரைபடங்களுக்கு நெடுங்காலம் ஆதாரமாக இருந்தது. செயற்கைக்கோள் கருவிகளோ டபிள்யூ.ஜி.எஸ். 84 என்னும் வேறோர் ஆதாரத்தைப் பின்பற்றுகின்றன. இரண்டையும் மாற்றிக் கணிக்காமல் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால், ஐதராபாத் பகுதியில் ஒரு புள்ளி நூறு மீட்டருக்கும் மேல் விலகி விழும்.

2000ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில், பொதுமக்களுக்கான சமிக்ஞையில் வேண்டுமென்றே கலந்துவந்த பிழையை அமெரிக்கா நீக்கியது. அதன்பின்னரே கையடக்கக் கருவி வயலுக்குப் பயன்படத் தொடங்கியது. எனினும் திறந்த வெளியிலும் அதன் பிழை 3 முதல் 5 மீட்டர் வரை அமையும். பக்கத்துக்கு 32 மீட்டர் கொண்ட 10 குண்டா வயலில் ஒரு வரப்பு மட்டும் 3 மீட்டர் தள்ளிப் பதிவானால், ஏறக்குறைய ஒரு குண்டா நிலம் காகிதத்தில் கைமாறிவிடும்.

ஒரே நடையில் வயலைச் சுற்றிவரும்போது பிழையின் பெரும்பகுதி எல்லாப் புள்ளிகளையும் ஒரே திசையில் நகர்த்தும். ஆகவே பரப்பு ஓரளவு சரியாகவே கிடைக்கும். பிறழ்வது அண்டை வயலுடன் பகிரும் எல்லையே. பயிர்க் கணக்கெடுப்புக்கும் விதை, உர மதிப்பீட்டுக்கும் எளிய கருவி போதுமானது. வரப்பு வழக்குக்கு அது உதவாது. அதற்கு நிலையான தளத்திலிருந்து திருத்தம் பெற்றுச் சென்டிமீட்டர் அளவில் காட்டும் ஆர்.டி.கே. கருவி வேண்டும். இரண்டுக்கும் இடைப்பட்ட நிலையில் இரட்டை அலைவரிசை வாங்கி பயன்தரும். மரநிழலில் அதன் மேன்மையும் குறைந்துவிடும்.

லாலாகுடாவுக்குக் கிழக்கே சில கிலோமீட்டர் தொலைவிலுள்ள உப்பலில்தான் இந்திய நில அளவைத் துறையின் பயிற்சி நிறுவனம் இயங்குகிறது. அதே மாநிலத்தில் 2017இல் நடந்த நிலப்பதிவுத் திருத்தப் பணி ஏடுகளைத் திருத்தியதேயன்றி வயல்களைப் புதிதாக அளக்கவில்லை. 2020இல் வந்த தரணி இணையதளம் அந்தப் பதிவுகளின்மீதே எழுந்தது. ஏட்டில் ஒருவர் பெயரில் உள்ள நிலம் தரையில் எங்கே முடிகிறது என்ற வினா அப்படியே நின்றது. அதற்கு விடை தேடி வயலில் இறங்குபவர் கருவியின் விலையைக் கேட்கும் முன், தம் அளவையில் எத்தனை மீட்டர் பிழையை அண்டை வயலார் ஏற்பார் என்று கேட்டறிதல் நன்று.