பிடி கிடைத்த கதை

பழைய டெல்லியில் ஜாமா மசூதியைச் சுற்றிய நடைபாதைகளில் பல் வைத்தியர்கள் கடை விரித்திருந்த காட்சி பல புகைப்படங்களில் பதிவாகியிருக்கிறது. தரையில் ஒரு துணி. அதன்மேல் பிளாஸ்டர் தாடைகள், வரிசையாகப் பொய்ப்பற்கள், குறடு, கைக்கண்ணாடி. ஆடும் பல்லைப் பிடுங்குவார்கள். விழுந்த இடத்துக்குப் பொய்ப்பல் வைப்பார்கள். அக்ரிலிக் பொடியைத் திரவத்தில் குழைத்துப் பக்கத்துப் பற்களோடு சேர்த்து ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது. காசும் குறைவு. ஆனால் ஒட்டிய இடத்தில் உணவு தங்கி, ஈறு வீங்கி, நன்றாக இருந்த பக்கத்துப் பல்லும் ஆட்டம் காணும்.

கோணல் பல்லை நேராக்கும் வேலை அந்தத் துணிக்கடையில் நடக்கவில்லை. அதற்குப் பல்லை மாதக்கணக்கில் விடாமல் மெல்ல அழுத்த வேண்டும். அழுத்துவதற்குப் பல்லின்மேல் ஒரு பிடி வேண்டும். வழுவழுப்பான எனாமல் அந்தப் பிடியை லேசில் தராது.

நடைபாதை வைத்தியத்துக்கும் படித்த வைத்தியத்துக்கும் நடுவே கோடு கிழித்தது 1948-ன் பல் மருத்துவர்கள் சட்டம். பட்டம் பெற்றவர்களுக்குப் பதிவேட்டில் ஒரு பகுதி; பட்டம் இல்லாவிட்டாலும் ஐந்தாண்டுகளாவது அதையே பிழைப்பாகக் கொண்டிருந்தவர்களுக்கு இன்னொரு பகுதி. இரண்டிலும் சேராதவர் தொழில் செய்யக் கூடாது. சட்டத்தைக் கவனிக்க 1949-ல் இந்தியப் பல் மருத்துவக் கவுன்சில் அமைந்தது. அதன் நெடுநாள் முகவரியான கோட்லா சாலைக்கு ஜாமா மசூதியிலிருந்து நடந்தே போய்விடலாம்.

சட்டம் வந்தது, படித்தவர்கள் எங்கிருந்து வருவார்கள்? வட இந்தியாவின் பெயர்பெற்ற பல் மருத்துவக் கல்லூரி லாகூரில் இருந்தது. 1934-ல் தொடங்கிய டி மான்ட்மோரன்சி கல்லூரி அது. பிரிவினையில் லாகூர் எல்லைக்கு அப்பால் போய்விட, இந்தியப் பஞ்சாப் 1952-ல் அமிர்தசரஸில் தனக்கென ஒரு கல்லூரியைக் கட்டிக்கொண்டது. டெல்லியில் மௌலானா ஆசாத் மருத்துவக் கல்லூரியின் பல் மருத்துவப் பிரிவு 1983-ல்தான் வந்தது. 2003-ல் அது தனி நிறுவனமானது. அதற்கு முன்பே, பல்லை நேராக்கும் மருத்துவர்களுக்காக 1965-ல் உருவான இந்திய ஆர்த்தோடான்டிக் சங்கம் தன் முதல் மாநாட்டை 1967-ல் டெல்லியில் நடத்தியிருந்தது.

கோணல் பல்லுக்கு அன்று போட்ட கிளிப் இன்று நாம் பார்க்கும் கிளிப் அல்ல. ஒவ்வொரு பல்லையும் சுற்றி ஓர் எஃகுப் பட்டை. அதை நுழைக்க முதலில் இரு பற்களுக்கு நடுவே இடம் உண்டாக்க வேண்டும். பிறகு பட்டையைத் தட்டி இறக்கி, சிமென்ட் வைத்து நிறுத்த வேண்டும். கம்பியைத் தாங்கும் பிராக்கெட் பட்டையின்மேல் பற்றவைக்கப்பட்டிருக்கும். சிமென்ட் கரைந்த இடத்தில் சொத்தை விழும். எல்லாப் பட்டைகளையும் கழற்றியபின் பல்லுக்குப் பல் சிறு சந்து மிஞ்சும். அதையும் அடைத்துத் தர வேண்டும்.

இந்தத் தொல்லைக்கு முடிவு கட்டிய யோசனை பெயின்ட் வேலையிலிருந்து வந்தது. உலோகத்தில் பெயின்ட் உரியாமலிருக்க, பூசுவதற்கு முன் பாஸ்பாரிக் அமிலத்தால் அதைப் பதப்படுத்துவார்கள். அமெரிக்காவின் ராச்செஸ்டரில் பணியாற்றிய மைக்கேல் புவோனகோர் அதைப் பல்லில் செய்து பார்த்தார். 85 சதவீத அமிலம், 30 விநாடி. எனாமலில் கண்ணுக்குத் தெரியாத நுண்குழிகள் விழுந்தன. பிசின் அவற்றுக்குள் இறங்கி இறுகியது. 1955-ல் அவர் இதை வெளியிட்டார். ரஃபேல் போவன் உருவாக்கிய உறுதியான பிசின் 1962-ல் காப்புரிமை பெற்றது. 1965-ல் ஜார்ஜ் நியூமன், பட்டை இல்லாமல் பிராக்கெட்டை நேரே பல்லில் ஒட்டுவதைப் பற்றி எழுதினார். அடுத்த இருபது ஆண்டுகளில் எஃகுப் பட்டை கடைவாய்ப் பற்களோடு ஒதுங்கிக்கொண்டது.

லாகூர் இந்தக் கதைக்குள் மறுபடியும் வருகிறது. அங்கே வளர்ந்த ஜியா சிஷ்டி, ஸ்டான்ஃபோர்டில் படிக்கும்போது கிளிப் போட்டுக்கொண்டார். கிளிப் கழற்றியபின், பற்களை அதே இடத்தில் நிறுத்தத் தந்த ரிடெய்னர் தட்டைச் சில நாள் போடாமல் விட்டதில் பற்கள் நகர்ந்தன. திரும்பப் போட்டதும் பழைய இடத்துக்கு வந்தன. நகர்ந்த பல்லை ஒரு பிளாஸ்டிக் தட்டு இழுத்து நிறுத்துமென்றால், வரிசையாகப் பல தட்டுகள் செய்து கோணல் பல்லையே நேராக்கலாமே? தொடர் தட்டுகளால் பல்லை நகர்த்தலாம் என்று ஹெரால்ட் கெஸ்லிங் 1945-லேயே சொல்லியிருந்தார். கையால் அத்தனை அச்சு எடுக்க ஆளில்லை. கணினி வந்ததும் அது கைகூடியது. 1997-ல் கெல்சி வர்த்துடன் சிஷ்டி தொடங்கிய அலைன் டெக்னாலஜி, 1998-ல் அமெரிக்க அனுமதி பெற்று, 1999-ல் இன்விசலைன் என்ற அலைனர் தட்டுகளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. திரையில் பற்களை ஒவ்வொன்றாக நகர்த்தும் வேலையை லாகூரில் இளைஞர்கள் பார்த்தார்கள். 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு நிறுவனம் அங்கிருந்து கிளம்பியது. பணி கோஸ்டாரிகா போய்ச் சேர்ந்தது.

கம்பி போனது, பிடிக்கான சிக்கல் போகவில்லை. தட்டு பல்லைத் தள்ளும், இழுக்காது. உருண்டையான கோரைப்பல்லைத் திருப்பப் பார்த்தால் வழுக்கும். உள்ளே புதைந்த பல்லைக் கீழே இறக்கப் பார்த்தால் தட்டுதான் கழன்று வரும். ஆகவே பல்லிலேயே ஒரு குமிழ் ஒட்டினார்கள். அதுதான் அட்டாச்மென்ட்.

டெல்லி கிளினிக்குகளில் இன்று அதை ஒட்டுவது இப்படி: உதட்டை விலக்கி, பல்லைத் துடைத்து, நீல நிற அமில ஜெல்லைத் தொட்டு வைக்கிறார்கள். கழுவி உலர்த்தினால் அந்த இடம் மட்டும் சுண்ணாம்பு வெளுப்பாகத் தெரியும். பசை தடவி, மெல்லிய அச்சுத் தட்டின் குழிகளில் பல் நிறக் காம்போசிட் பிசினை அடைத்து, பல்வரிசைமேல் அழுத்தி, நீல விளக்கைக் காட்டுகிறார்கள். அச்சை உரித்தால் பல்லில் சிறு மேடு நிற்கிறது. அலைனரில் அதே வடிவத்தில் ஒரு குழி இருக்கும். தட்டு அந்த மேட்டின் சரிவைப் பற்றிக்கொண்டு பல்லைத் திருப்பும், இறக்கும், வேரைச் சாய்க்கும். சிகிச்சை முடிந்ததும் மேட்டைத் தேய்த்து எடுத்துவிடுவார்கள்.

குமிழ் இருந்தால் எல்லாம் நடந்துவிடும் என்பதும் இல்லை. ஆய்வாளர் நீல் கிராவிட்ஸ் குழுவினர் 2009-ல் அளந்தபோது, கணினி காட்டிய நகர்வில் சராசரியாக 41 சதவீதம்தான் வாயில் நடந்திருந்தது. பல்லை இறக்கும் வேலையில் சுமார் 30 சதவீதம். 2020-ல் மறுபடி அளந்தபோது சராசரி 50-ஐத் தொட்டது. மீதியைச் சரிசெய்யப் புதிய தட்டுகளும், சில சமயம் பழைய கம்பியும் தேவைப்படுகின்றன.

கிளினிக்குக்கே வர வேண்டாம், தபாலில் தட்டு அனுப்புகிறோம் என்று கிளம்பிய அமெரிக்காவின் ஸ்மைல்டைரக்ட்கிளப் 2023 டிசம்பரில் கதவை மூடியது. தபாலில் தட்டை அனுப்பலாம். அமிலம் வைத்துக் குமிழ் ஒட்டும் கையை அனுப்ப முடியாது. அலைனர் விளம்பரத்தைப் பார்த்துப் பணம் கட்டப் போகிறவர்கள் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ளட்டும்: குமிழை ஒட்டப்போவது யார், அவர் பெயர் மாநிலப் பல் மருத்துவக் கவுன்சிலின் பதிவேட்டில் இருக்கிறதா? கட்டணத்தை அதற்குப் பிறகு பேசிக்கொள்ளலாம்.